கூரையோரத்துச் செப்புக் கம்பி

என் மகளின் மூச்சு எனக்குக் கேட்காமல் போன ஒரு சனிக்கிழமை மாலையை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என் மனைவியைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் இருவரும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர்கள். மலேசிய மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த ஸ்டாஃப் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அடுப்படி வீட்டோடு ஒட்டாமல், சிமெண்டு நடையைத் தாண்டிப் பின்னால் தனியாக இருக்கும். மகளுக்கு அப்போது ஏழு வயது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி இழுப்பு வரும். அதனால் கீழே ஈப்போ நகரில், ரேடியோ போல ஒலியை அனுப்பும் ஒரு ஜோடிப் பெட்டி வாங்கிவந்தோம். ஒன்று அவள் அறையில், இன்னொன்று அடுப்படியில். அங்கே இருமினால் இங்கே கேட்கும், கம்பி கிடையாது. அது வந்த பிறகுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வரிசையின் முதல் வீடு பெரிய கிராணியுடையது. தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர்; துரைக்கு அடுத்தபடி அவர்தான். வீடியோ வைத்திருந்தவரும் அவர் ஒருவரே. சனிக்கிழமை தோறும் டவுனிலிருந்து படக் கேசட் எடுத்துவருவார். எல்லாரும் அவர் கூடத்தில் நெருக்கியடித்து உட்காருவோம். அடுப்பை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று பெண்கள் குறைப்பட்டது அவர் காதுக்குப் போயிற்று. வீடியோவில் ஓடும் படத்தைக் காற்றிலேயே அனுப்புகிற சிறு கருவி ஒன்றை வாங்கிவந்தார். அவர் வீட்டில் படம் போட்டால் எங்கள் வீட்டு டீவியிலும் தெரியும். கடைசி வீட்டில் சரியாகத் தெரியவில்லை என்றதும், கருவியின் ஏரியலோடு செப்புக் கம்பியை முடிந்து, பின்பக்கக் கூரையோரமாக வரிசை முழுக்க இழுத்துக் கட்டினார். எங்கள் வீட்டருகே கட்டியபோது ஏணியைப் பிடித்தவன் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை அடுப்படிப் பெட்டியில் முதலில் இரைச்சல் வந்தது. பிறகு கதாநாயகனின் வசனம்.

"இங்க பாரு, படம் இதுலயும் ஓடுது" என்றேன். மனைவியும் சிரித்தாள்.

பால் எடுத்துக்கொண்டு போனவள் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்ட குரல் இப்போதும் காதில் இருக்கிறது. மகள் கட்டிலில் முன்னால் குனிந்து, ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தோட்டத்து ஜீப்பில், பனிமூட்டத்துக்குள், தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பேச முடிந்ததும் சொன்னாள்: "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்ப்பா."

படத்தின் சத்தத்தையே அந்தப் பெட்டியில் கேட்டும், எங்களில் ஒருவருக்கும் கிராணியின் கருவி மேல் சந்தேகம் போகவில்லை. பெட்டியில்தான் கோளாறு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தொழிற்சாலை மோட்டார் என்றார் இன்னொருவர். மழை, பனி, குழல்விளக்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கிராணி எங்களுக்குக் கொடுத்ததைக் குறை சொல்வது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு குழம்பைக் குறை சொல்வது போல. அதனால் மனசே அந்தப் பக்கம் போகவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். கடைக்காரர் சோதித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை என் மனைவி மகளை அடுப்படிக்குக் கொண்டுவந்து என் மடியில் உட்கார வைத்தாள். மகளின் காலிக் கட்டிலில், அங்கிருந்த பெட்டிக்குப் பக்கத்தில், மணியடிக்கும் கடிகாரத்தை வைத்தாள்.

"அதோட டிக் டிக் கேக்கிற வரைக்கும் சரி. கேக்கலைன்னா ஏன்னு பாக்கணும்" என்றாள்.

படம் ஆரம்பித்தது, டிக் டிக் மறைந்தது. வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்தாள். பெட்டிகள் பேட்டரியில் ஓடுபவை, இரைச்சல் நிற்கவில்லை. நம் வீட்டுச் சாமான் எதுவும் காரணமில்லை என்றாள். சங்கு ஊதித் தொழிற்சாலை அடங்கும் வரை காத்திருந்தாள். மோட்டார் நின்றது; இரைச்சல் நிற்கவில்லை. பிறகு அடுப்படிப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தாள். ஓரிடத்தில் வசனம் தெளிவாகக் கேட்டது. நின்று, நிமிர்ந்து பார்த்தாள். மகளின் அறைக்கு நேர் மேலே செப்புக் கம்பி நனைந்து தொங்கியது.

"கிராணி ஐயா கிட்ட எப்படிச் சொல்றது?" என்றேன்.

"வாயால சொல்லப் போறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு முதல் வீட்டுக்கு நடந்தாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"ஐயா, இதக் கொஞ்சம் காதுல வச்சுப் பாருங்க."

அவர் வாங்கிக் கேட்டார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம படம்லா!"

"ஆமாங்கய்யா. அதுல எங்க புள்ள மூச்சு கேக்கணும்."

அவர் என் தோளில் சாய்ந்திருந்த மகளைப் பார்த்தார். எழுந்து போய்க் கருவியை அணைத்தார். வரிசை வீடுகளில் ஒரே கூச்சல். "ஐயோ, இப்பத்தான்லா வில்லன் மாட்டினான்!" அவர் கையிலிருந்த பெட்டியில் டிக் டிக் என்று கடிகாரம் பேசியது. மறுபடி போட்டார், வசனம். அணைத்தார், டிக் டிக்.

"ஏணியக் கொண்டாங்க சார்" என்றார் என்னிடம்.

கம்பியைத் தன் கையாலேயே வெட்டினார். கம்பி போன பிறகு டிக் டிக் கேட்டது, ஆனால் லேசான முனகலோடு. அது போதும் என்று எனக்குத் தோன்றியது. மனைவி தலையசைத்தாள். "இவ மூச்சு அதவிடச் சன்னமா இருக்குங்கய்யா." அவர் கருவியைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதன் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். ஆசையாக வாங்கிய பொருள். நானாயிருந்தால் முனகலோடு விட்டிருப்பேன். அவர் விடவில்லை, அவளும் விடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை டீவியும் வீடியோவும் அவர் வீட்டு முன்வாசலுக்கு வந்தன. பெண்களுக்குத் தோதாகச் சமையல் முடிந்த பிறகுதான் படம். சால்வையும் பாயுமாக எல்லாரும் வந்தார்கள். எங்கள் பெட்டி கிராணியின் நாற்காலிக் கையில் உட்கார்ந்திருந்தது. அவரேதான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அடிக்கடி டீவிச் சத்தத்தைக் குறைப்பார்.

"ஐயா, பாட்டுலா!"

"சும்மா இருங்கலா, புள்ள இருமுது."

முன்வாசலே மூச்சடக்கிக் கேட்கும். சாதாரண இருமல் என்று என் மனைவி கையசைத்த பிறகுதான் பாட்டு தொடரும். அவள் கையசைத்த பிறகும் நான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

படம் முடியும் நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது: "அப்பா, வில்லன் செத்துட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெட்டியில் பதில் சொல்ல முடியாது. நான் எழுந்து ஓடினேன்.