மண்சரிவில் என் மகள் ஊன்றிய கால்

போன வருடம், தென்மேற்குப் பருவமழை விடாமல் அடித்துக் கொண்டிருந்த நாட்களில் ஒன்று. கண்டியில் கிளினிக் முடிந்து, என் மகளை மஸ்கெலியாவுக்குப் பக்கத்திலுள்ள நாங்கள் வசிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்து வந்து கொண்டிருந்தேன். நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர்; எங்கள் பக்கம் ஆசிரியரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் உயர்தரம் படிக்கிறாள். வலைப்பந்து விளையாடும்போது முழங்காலில் ஜவ்வு கிழிந்து, சத்திரசிகிச்சை செய்து, சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அன்று வைத்தியர் அவள் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். இனி ஒரு ஊன்றுகோல் போதும், காலை நன்றாக ஊன்றி நடக்க வேண்டும், நடந்தால்தான் பலம் வரும் என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நானோ, வெளியே வந்ததும், மிச்சமான ஊன்றுகோலை அவள் கையிலேயே திரும்பத் திணித்தேன்.

“வீட்டுக்குப் போற வரைக்கும் ரெண்டையும் வச்சுக்க.”

“டொக்டர் சொன்னது எனக்கு மட்டுந்தான் கேட்டிச்சாப்பா?”

“அவரு நம்ம ரோட்டப் பாக்கல. நான் பாத்திருக்கேன்.”

சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்தே நான் அப்படித்தான். அவள் எழுந்தால் நானும் எழுவேன். அவள் குளியலறைக்குப் போனால் வாசலில் நின்று இருமிக் கொண்டிருப்பேன். என் மனைவிகூட ஒரு நாள், கால் வலி பிள்ளைக்கா உங்களுக்கா என்று கேட்டுவிட்டாள். என்ன செய்ய? அந்த முழங்கால் இன்னொரு தடவை திரும்பிவிட்டால் அவள் விளையாடுவது இருக்கட்டும், நேராக நடப்பாளா என்பதே என் பயம். அவளிடம் அதைச் சொல்லவும் முடியவில்லை.

ஹட்டனில் பஸ் மாறினோம். நான் முன்னால் ஏறி, “காலு, காலு! பாத்து!” என்று சத்தம் போட்டுக் கொண்டே வழி உண்டாக்கினேன். கூடை வைத்திருந்தவர்கள் கூடையை இழுத்துக் கொண்டார்கள். காய்கறி மூட்டை வைத்திருந்தவர் மூட்டையோடு எழுந்து நின்றார்.

“அப்பா, இந்த பஸ்ஸுக்கு ஏற்கனவே ஹோர்ன் இருக்கு” என்றாள் என் மகள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்களுக்கு முன் இருக்கையில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிக்கும் வேலை. அவரும் அவருடைய தம்பியும் டவுனில் நான்கு பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். அடுத்த நாள் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டில் மாப்பிள்ளை உட்கார ஒரு நல்ல கதிரை இல்லை என்பது நோர்வூட் வருவதற்குள் பஸ்ஸிலிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நோர்வூட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடிக் கிடந்தது. மேலேயிருந்து வேரோடு இறங்கிய தேயிலைச் செடிகள், ரோட்டின் நடுவிலேயே நட்டு வைத்த மாதிரி நிமிர்ந்து நின்றன. எங்கள் பக்கம் இது புதிதில்லை. இப்படி ஆகிவிட்டால் இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி மண்ணைக் கடந்து பஸ் மாறிக் கொள்வார்கள். இரண்டு பஸ்ஸும் திரும்பி, வந்த வழியே போய்விடும். அன்றும் அந்தப் பக்கத்து பஸ் தயாராக நின்றது. யாரோ மலையோரமாகக் கற்களும் கிளைகளும் போட்டு வழி செய்திருந்தார்கள். மறுபக்கம் ரோட்டின் விளிம்பு. அதற்குக் கீழே செங்குத்தான தேயிலை மலை.

“இறங்குங்க, இறங்குங்க! ஹெமின், ஹெமின்! மெதுவா போங்க” என்று சிங்களமும் தமிழுமாகக் கத்தினார் கண்டக்டர்.

எல்லோரும் போய்க் கொண்டிருந்தார்கள். என் மகளும் இறங்கி, ஊன்றுகோலின் நுனியைச் சேற்றில் வைத்துப் பார்த்தாள். அது அரை முழம் உள்ளே போனது. எனக்கு அது போதும். திரும்பி ஹட்டனுக்கே போவோம், அங்கே தெரிந்த வீட்டில் தங்கிக் கொள்வோம் என்றேன். அவள் முடியாது என்றாள். நான் விடவில்லை. அந்தப் பக்கத்து பஸ் டிரைவர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்.

கதிரைக்கார அக்கா பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். “என்னா சேர், இந்தப் பிள்ளைக்கா யோசிக்கிறீங்க? கதிர இருக்குல்ல. ஒக்கார வச்சு நாலு பேராத் தூக்கிருவோம்.”

எனக்கு அது கடவுளே சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் என் மகள் கதிரையைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினாள்.

“ஐயோ, நான் மாட்டேன்! சப்பரத்துல சாமி போற மாதிரி போகச் சொல்றீங்களா? அந்த பஸ்ல எங்க ஸ்கூல் பிள்ளைங்க இருக்காங்கப்பா.”

“நீ பேசாம ஒக்காரு. நான் முன்னால போயி வழி பாத்துச் சொல்றேன்.”

சொல்லிவிட்டு நான் சேற்றில் இறங்கினேன். அவளை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லாமல், அவள் பக்கம் முகத்தை வைத்துக் கொண்டு பின்புறமாகவே நடந்தேன். “இங்க கல்லு இருக்கு. இங்க வழுக்கும். இதுல கால வைக்கக் கூடாது” என்று சொல்லிக் கொண்டே போனவன், சொன்ன இடத்திலேயே காலை வைத்துவிட்டேன்.

கணுக்கால் மடங்கியது. விழுந்தேன். விழுந்ததோடு நிற்கவில்லை, மண்ணோடு சேர்ந்து நானும் ரோட்டின் விளிம்பை நோக்கி வழுக்கினேன். கைக்கு அகப்பட்ட தேயிலைச் செடி ஒன்றைப் பிடித்தேன். தேயிலைச் செடியைப் போல உறுதியாக எதுவும் நிற்காது என்று நம்பி வளர்ந்தவன் நான். இது வேர் அறுந்த செடி. என்னோடு சேர்ந்து அதுவும் வழுக்கியது. என் கால்கள் விளிம்புக்கு வெளியே தொங்கின.

எல்லோரும் கதிரையின் கயிற்றை அவிழ்த்துக் கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கொண்டிருந்தவள் என் மகள் ஒருத்திதான். அவள் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. ஒரு ஊன்றுகோலைச் சேற்றில் ஆழமாகக் குத்தி அதைப் பிடித்துக் கொண்டாள். சத்திரசிகிச்சை செய்த காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு, மற்ற ஊன்றுகோலை என்னிடம் நீட்டினாள். நான் அந்த முழங்காலைத்தான் பார்த்தேன்.

“கால ஊனாத! கால ஊனாதடி!” என்று அலறினேன்.

“அப்பா, வாய மூடிக்கிட்டு கம்பப் புடிங்க!”

பிடித்தேன். அவள் என்னை இழுக்கவில்லை, இழுக்க அவளால் முடியாது. ஆனால் நான் அதற்குமேல் வழுக்கவில்லை. அதற்குள் கண்டக்டரும் அக்காவின் தம்பியும் ஓடி வந்து என் சட்டைக் கொலரையும் கையையும் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள்.

என் கணுக்கால் அங்கேயே வீங்கத் தொடங்கியது. நிற்க முடியவில்லை. நான்கு பேர் என்னைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகக் கதிரையைப் பார்த்தார்கள்.

“வேணாம், வேணாம், நான் நடப்பேன்” என்றேன்.

“பேசாம ஒக்காருங்க” என்றாள் என் மகள்.

அப்படித்தான் நான் அந்த மண்சரிவைக் கடந்தேன். தலை முதல் பாதம் வரை சேறு. பக்கத்துக்கு இருவராக நான்கு பேர் புதுக் கதிரையோடு என்னைத் தூக்கி வர, ஒருவர் குடை பிடித்தார். அந்தப் பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் விசிலே அடித்தார்கள்.

“மாப்புள வந்துட்டாரு, வழிய விடுங்க!” என்றார் அக்காவின் தம்பி.

“மெதுவாடா. நாளைக்கு அசல் மாப்புள ஒக்கார்ற கதிர. காலு கீலு ஒடஞ்சிறப் போவுது.”

“எந்தக் காலு அக்கா, சேர் காலா, கதிர காலா?”

என் மகள் பக்கத்தில் நடந்து வந்தாள். ஒரே ஓர் ஊன்றுகோலோடு. மற்றது என் மடியில் இருந்தது. மேலேயிருந்து நான் அவள் காலை வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக் கொண்டு வந்தேன். சொல்லத் துடித்தது வாய். சொல்லவில்லை. கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அவள் காலை வைத்தாள்.

கதிரை சேறாகிவிட்டது என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “கழுவினாப் போகுது. சேர் ஒக்காந்து பாத்த கதிர, நல்லா தாங்கும்னு அவங்க கிட்ட சொல்லிக்கிறேன்” என்று சிரித்தார்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். முன்னால் மகள் நடந்து வருகிறாள், பின்னால் என்னை இரண்டு பேர் தாங்கி வருகிறார்கள். ஒரு நிமிடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “கிளினிக் போனது யாரு?” என்றாள்.

அன்று இரவு மகளின் முழங்காலைப் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன். வீக்கமில்லை. அடுத்த கிளினிக்கில் வைத்தியரும் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். மண்சரிவைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னார். அந்தச் சொல் எனக்கு இன்னும் பயத்தைத் தருகிறது. மழை பலமாக அடிக்கும் இரவுகளில், சேற்றில் மடங்கி நின்ற அந்த முழங்கால் கண்ணுக்குள் வந்து நிற்கும். எழுந்து உட்கார்ந்து விடுவேன்.

ஆனால் அதே முழங்கால்தான் என்னைத் தாங்கியது என்பதையும் மறக்க முடியவில்லை. இப்போதும் அவள் படியிறங்கும்போது என் கை தானாகவே நீளத்தான் செய்கிறது. அவள் கேட்கும் வரை அந்தக் கையை என்னிடமே வைத்துக் கொள்ள வேண்டும் என்பதை, அன்று அந்த ரோட்டின் விளிம்பில் தொங்கியபோதுதான் தெரிந்து கொண்டேன்.