என் கையில் நாலு அச்சு

என் அக்காவுக்கு முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. எனக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. அப்படியிருந்தும் பொறாமைப்பட்டது நான்தான் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

கிழக்கேகோட்டை வாசலுக்கு உள்ளே, கோயில் மதிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எட்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். பதினோராவது வயதில் அம்மை வார்த்தது. ஊரில் அதற்கு வைசூரி என்று பெயர். எங்கள் தெருவில் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். எப்படியோ பிழைத்து எழுந்தாள். புக்ககத்து மனிதர்கள் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அவளை அழைத்துக்கொள்ளவே இல்லை. பையனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டதாகக் கேள்வி. அப்போது எனக்கு இரண்டு வயது.

தெருவே அவளைப் பாவம் பாவம் என்றது. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அம்மை ஒருதரம் வந்து போனவர்களுக்கு மறுபடி வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எந்த வீட்டில் அம்மை வார்த்தாலும் முதலில் அக்காவுக்குத்தான் ஆள் வரும். கரமனையிலிருந்து வில்வண்டி வரும். வலியசாலையிலிருந்து பெரிய மனிதர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, "குழந்தே, எங்காத்துக்குச் செத்த வந்துட்டுப் போகணும்" என்று நிற்பார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும்போது அவள் கையில் புதுப் புடவை இருக்கும், வாய் நிறைய அந்த வீட்டுக் கதை இருக்கும். சாலைக் கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் வருவாள். எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண் அப்படிப் போக முடியும்?

எனக்கோ வெயிலில் நிற்கக் கூடாது, வாசலில் நிற்கக் கூடாது, கண் பட்டுவிடும். முகத்தைப் பத்திரமாக வைத்திருப்பது ஒன்றுதான் என் உத்தியோகம். ஒருநாள் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து முகமெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு, வில்வண்டியில் ஏறுகிற மாதிரி கூடத்தில் நடந்தேன். அம்மா முதுகில் நாலு வைத்தாள். அக்கா தன் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அப்போது கோபம்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, அச்சு குத்திய சீட்டு இருந்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பசுவுக்கு வருகிற அம்மையின் பாலை எடுத்து மேல்கையில் கீறி வைப்பதைத்தான் அச்சு குத்துவது என்போம். என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. ஒரு பெண்ணின் முகம்தான் போயிற்று, இவள் கையையும் கெடுக்க விடமாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அச்சு குத்துகிறவரைத் தடுக்க முடியாது. ஆகவே அவர் குத்திவிட்டு அடுத்த வீட்டுப் படி ஏறுவதற்குள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், எலுமிச்சை மூடியால் கையைப் பரபரவென்று தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். எரிச்சல் உயிர் போயிற்று.

எட்டாம் நாள் அவர் வந்து பார்த்தார். எழும்ப வேண்டிய கொப்புளம் கையில் ஒன்றுமில்லை. மறுபடி குத்தினார், மறுபடி எலுமிச்சை. மூன்றாம் தரமும் அப்படியே ஆனதும், இந்தப் பெண்ணுக்கு அச்சு எடுக்கவில்லை என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைப் பட்டுப் புடவையின் மடிப்பில் வைத்துப் பூட்டினாள். கொஞ்ச நாளில் அவளே அதை நம்ப ஆரம்பித்ததுதான் வேடிக்கை. "பசு அம்மையே அண்டாத உடம்பு, பெரிய அம்மை எங்கே அண்டப்போறது? சர்க்காரே எழுதிக் குடுத்துட்டா" என்று சம்பந்தம் பேச வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்களும் தலையாட்டினார்கள். நானும் நம்பினேன். நம்பாதவள், எலுமிச்சம்பழம் நறுக்கியதைப் பார்த்துக்கொண்டு கிணற்றடியில் நின்ற அக்கா ஒருத்திதான்.

கல்யாணம் ஆயிற்று. அவர் சர்க்காரின் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. பெற்றவர்கள் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "காப்பி நன்னாருக்கு" என்று ஒருநாள் சொன்னால் அந்த வாரம் முழுவதும் எனக்கு அது போதும். அம்மா காலமான பிறகு அக்கா பழைய வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்கு வருகிற வில்வண்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

நாலாவது வருஷம் அவருக்கு மூன்று நாள் கொதிக்கிற ஜுரம். கச்சேரியில் ஏதோ வேலைச் சுமை என்று நினைத்தேன். நாலாம் நாள் காலையில் நெற்றியில் சிவப்பாகப் புள்ளிகள். ஆள் அனுப்பிய ஒரு மணி நேரத்தில் அக்கா வேப்பிலைக் கொத்தோடு வந்துவிட்டாள். அவரை ஒரு பார்வை பார்த்தவள், என்னைத் தோளைப் பிடித்து அறைக்கு வெளியே நகர்த்தினாள்.

"நீ இனிமே உள்ள வரப்படாது."

"என் ஆம்படையானை நான் பாத்துக்கறேன். நான் ஏன் வெளியில போகணும்?"

"நோக்கு அச்சு எடுக்கலை."

"காகிதம் இருக்கு" என்றேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "காகிதத்தைக் கொண்டுபோய் அம்மன்கிட்டக் காட்டப் போறியா? நான் அன்னிக்குக் கிணத்தடியிலதான் நின்னுண்டிருந்தேன். அச்சு குத்தறவருக்குச் சொல்லி அனுப்பியாச்சு. அது எடுத்துதுன்னா வா. அதுவரைக்கும் இந்த நிலைப்படியைத் தாண்டாதே."

கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டில், என் அறையில், என் கணவரோடு அவள் உள்ளே, நான் வெளியே. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அன்று மத்தியானமே அச்சு குத்துகிறவர் வந்தார். என் பன்னிரண்டு வயதில் வந்த அதே மலையாளத்துக்காரர்தான், மீசை நரைத்திருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். பழைய காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு தரம் குத்தியும் எடுக்காத கை அபூர்வம் அம்மா. நான் பார்த்த வரைக்கும் எலுமிச்சம்பழம் அதிகமா வாங்கற வீட்டிலேதான் அது உண்டு, கேட்டோ."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் சாராய விளக்கை ஏற்றிச் சின்ன இரும்புக் கருவியின் நுனியைச் சுட்டார். மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு துளி பால் என் கையில் விழுந்தது. அதன்மேல் கருவியை வைத்துத் திருகினார். நாலு இடத்தில். நான் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு, "அவள் மட்டும் எப்படி உள்ளே இருக்கலாம்?" என்று கேட்டேன்.

"அவங்க உடம்பு ஒரு தரம் பெரிய சத்ருவோட சண்டை போட்டு ஜெயிச்சாச்சு. அந்த ஓர்மை, அந்த ஞாபகம், ரத்தத்திலே கிடக்கும். பின்னையும் அவன் வந்தா ஆளை உடனே தெரியும், உள்ளே விடாது. நான் இப்போ வைக்கறது பசுவோட அம்மை. அவனுக்கு ஒரு சாதுத் தம்பி மாதிரி, சாயல் ஒண்ணுதான். உங்க உடம்பு இவனோட சண்டை போட்டுப் படிக்கட்டும். அண்ணன் வந்தாலும் அடையாளம் தெரியும். ஆனா சமயம் வேணும். எட்டாம் நாள் வந்து பார்ப்பேன்."

"இத்தனை நாள் கிட்ட இருந்திருக்கேனே?"

"வெறும் ஜுரத்திலே அவ்வளவு ஒட்டாது. புள்ளி வந்தது இன்னிக்குத்தானே. நோய் மூத்து வர்றதுக்குள்ளே அச்சு முந்திக்கும். தொடாமல் துடைக்காமல் இருந்தா மதி, அது போதும்."

துடைப்பதாவது. கைமேல் ஒரு ஈ உட்காரவிடாமல் காவல் காத்தேன். உயிருக்குப் பயந்து இல்லை. அந்தக் கதவைத் திறக்க எனக்கு இருந்த சாவி அது ஒன்றுதான்.

அந்த எட்டு நாட்களை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கஞ்சியும் இளநீரும் நிலைப்படியில் வைத்துவிட்டு நான் கூடத்துக் கோடிக்கு நகர வேண்டும். அக்கா கதவை ஒருக்களித்துத் திறந்து எடுத்துக்கொள்வாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். அவள் என்னவோ சொல்வாள், அவர் கேட்பார், மறுபடி அவள். மூன்றாம் நாள் அவர் சிரித்தார். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்திருக்கிற மனிதர், என்னோடு நாலு வருஷத்தில் நாலு தரம் சிரிக்காத மனிதர், சிரித்தார். முகத்தில் ஒரு இடம் பாக்கியில்லாத என் அக்காவைப் பார்த்து நான் பொறாமையில் வெந்தேன். பூட்டிய பெட்டியில் வைத்த புடவைபோல இத்தனை வருஷம் காப்பாற்றிய என் முகம் எதற்கு உதவிற்று?

அம்மை வார்த்த வீட்டில் தாளிக்கக் கூடாது. ஐந்தாம் நாள் நான் வேண்டுமென்றே ரசத்துக்குக் கடுகு தாளித்தேன். வாசனை வீடு முழுக்கப் பரவிற்று. அக்கா வெளியே வந்து சண்டை போடுவாள், அவளைப் பத்து வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளே அவர் ஏதோ கேட்டார், அக்கா பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். ரசத்தை அப்படியே முற்றத்தில் கொட்டினேன்.

கை நாலாம் நாள் தடித்தது. ஆறாம் நாள் நாலு இடத்திலும் முத்து முத்தாக நீர் கோத்தது. அக்குளில் நெறி கட்டி, ஜுரம் அடித்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் ஜுரத்தில் படுத்தது கிடையாது. எட்டாம் நாள் அச்சு குத்துகிறவர் வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலும் எடுத்தது. ஒண்ணாந்தரம்" என்றார். கூடவே, "இதுவும் ஜீவிதம் முழுக்கக் காணாது. சில வருஷம் கழிஞ்சா பின்னையும் குத்திக்கணும்" என்று சொல்லிவிட்டு, கதவைத் தட்டி அக்காவிடம் ஏதோ பேசினார். அக்கா வெளியே வந்து எனக்கு வழிவிட்டாள். எட்டு நாள் சரியாகத் தூங்காத முகம். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல உள்ளே போனேன்.

கட்டிலில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. காலடிச் சத்தம் கேட்டு, அக்கா என்றே நினைத்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, அவ கை எடுத்துதா? பாத்தேளா?"

நான் கட்டிலருகே இன்னும் ஒரு எட்டு வைத்தேன்.

"அதுவரைக்கும் அவளை உள்ள விடாதீங்கோ. அழுதாலும் விடாதீங்கோ. ஆத்துல எலுமிச்சம்பழம் ஒண்ணும் இல்லையே?" என்று சொல்லி, அந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தார்.

உள்ளே ஓடிய பேச்செல்லாம் எனக்கு அப்போது விளங்கிற்று. அவர் சொறிந்துகொள்ளாமல் இருக்க அக்கா கதை சொல்லியிருக்கிறாள். எல்லாம் என் கதை. எலுமிச்சை, காகிதம், சுண்ணாம்புப் புள்ளி, வில்வண்டி நடை. இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள், நான் பிழைக்க வேண்டுமென்று. அதற்கு நன்றி சொல்லத் தோன்ற வேண்டாமா? எனக்குத் தோன்றியது, என் கதையை அவருக்கு நானே சொல்லியிருக்கலாமே என்பதுதான். பொறாமை என்றால் அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய?

அவர் விரலை எடுத்து என் மேல்கையில் மெல்ல வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார்.

"நாலு" என்றார். அப்புறம், "நீயா" என்றார்.

மூன்றாவது வாரம் பொருக்கெல்லாம் உதிர்ந்து அவருக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டோம். கண்ணுக்குப் பழுதில்லை. முகத்தில் மட்டும் அங்கங்கே குழிகள். அவரும் அக்காவும் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தபோது கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் வீட்டில் நான்தான் விருந்தாளி. சும்மா இருப்பேனா? என் கையிலும் பொருக்கு உதிர்ந்து தழும்பு விழுந்திருந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டு வளைய வந்தேன்.

அக்கா தன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "அதைக் காட்டு" என்றாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். துவரம்பருப்பு அளவுக்கு நாலு தழும்பு.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"வேறென்ன?"

"ரவிக்கையைப் போட்டா மறைஞ்சுடும், இல்லையா?" என் கையை விடாமலே சொன்னாள்: "நேக்கு ஆறு வயசிருக்கும். அச்சு குத்தறவர் வந்தபோது அம்மா என்னைத் தூக்கிப் பரண்மேல ஒளிச்சு வெச்சா. கை பாழாயிடும்னா. நான் சத்தமே போடலை. சமத்துன்னு சொல்லி நேக்கு ஒரு வெல்லக்கட்டி குடுத்தா."

அவள் கண்ணில் இருந்ததை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். எத்தனை வருஷம் நான் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"சாரமில்லை, போனாப் போறது" என்று கையை விட்டுவிட்டு மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். வாசலில் வலியசாலையிலிருந்து வண்டி வந்து நின்றது.

நான் ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.