ஒரு விதையில் மூன்று முளைகள்

அம்மா இறந்த பிறகு அப்பா ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தார். அம்மாவின் திதிக்கு, கோம்பையில் எங்கள் கிணற்றடியில் அம்மா வைத்த சாத்துக்குடி மரத்தின் பழம் இலையில் இருக்க வேண்டும். கடைப்பழம் ஆகாது. அம்மா விரும்பித் தின்றது அந்த ருசியைத்தான் என்பார்.

எழுபதுகளின் நடுவில் அந்த மரம் நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. கடைசியாகத் தேறிய ஒரு பழத்தின் விதைகளை அப்பா மண்சட்டியில் ஊன்றினார். ஒரு விதைதான் முளைத்தது. ஆனால் அந்த ஒன்றிலிருந்தே மூன்று தளிர்கள் எழுந்தன.

நான் அப்போது கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தவள் சட்டியைப் பார்த்ததும் பாடத்தை அவிழ்த்துவிட்டேன். இந்த இனத்தில் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். ஒன்று மகரந்தம் சேர்ந்து உண்டானது. அதில் வேறு மரத்தின் கலப்பு இருக்கலாம். மற்றவை தாயின் திசுவிலிருந்தே தாமாக வளர்ந்தவை. அவை அச்சு அசலாகத் தாய்மரம்தான்.

அப்பா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப இதுக்குள்ள ஒங்கம்மா மரம் இருக்குங்கிற."

"இருக்குப்பா. கொஞ்சம் வளரட்டும். எதுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

சொல்லிவிட்டு விடுதிக்குப் போய்விட்டேன். அப்பா பருத்தி விவசாயி. குழிக்கு நாலு விதை போட்டு, முளைத்ததில் திடமான ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் கலைப்பது அவர் கைக்கு ஊறிப்போன வேலை. நான் அடுத்த முறை வந்தபோது சட்டியில் ஒரே செடி நின்றது.

"குட்டையா, ஒண்ணுபோல ரெண்டு இருந்துச்சுத்தா. மூணும் சேந்து நின்னா ஒண்ணும் உருப்படாதுன்னு எடுத்துட்டேன்."

ஒன்றுபோல இரண்டு. எனக்கு அது போதுமாக இருந்தது. ஒன்றுபோல இருப்பவை தாய், தனித்து நிற்பது கலப்பு என்று பாடம் மண்டையில் ஓடியது. குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். அன்று ஆடியது நான்தான்.

"அம்மாவைப் பிடுங்கிப் போட்டுட்டீகளேப்பா" என்றேன்.

அப்பா மிஞ்சி நின்ற செடியைக் கிணற்றடியில் நட்டார், தவறாமல் தண்ணீர் விட்டார். யாராவது கேட்டால், "அது கலப்பு" என்பார். அதன் பிறகு திதி இலையில் வாழைப்பழம் மட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் இலைக்கு முன்னால் நின்று, "தெரியாமச் செஞ்சுட்டேன்" என்று முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்கும் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மரம் முதல்முறையாகக் காய்த்தது. ஒரு சுளையை வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது, அம்மா மரத்துப் பழம். மகரந்தத்தில் உண்டான கருதான் பெரும்பாலும் நோஞ்சானாகி அமுங்கிப்போகும், தாயின் திசுவில் வந்தவை திடமாக எழும் என்பதும் அதே பாடத்தில் இருந்ததுதான். நான் அரைகுறையாகப் படித்திருந்தேன். குட்டையாகிப்போன இரண்டு, குட்டையாக இருந்ததாலேயே ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. நான் அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அப்பா சரியானதைத்தான் நிறுத்தியிருந்தார். அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. அவர் போய் அது இரண்டாவது வருஷம்.