மாவு தீராத தோசை

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை வரும். எனக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் ஆசை வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடை மாடியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரமே லூப். நிறுத்துவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் லூப் என்று வீட்டில் விளக்கினேன்.

“இதுக்கு வகுப்பு வேறீங்களா? கட்டிட்டு வந்த நாளா நான் அதைத்தானுங்க செய்யறேன்” என்றாள் மனைவி.

வகுப்பில் விருந்தாளிக்குத் தோசை வைக்கும் லூப் ஒன்றை எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க “இன்னொண்ணு வெச்சுக்குங்க” என்று வரிவரியாக ஓடியது. நிற்கவே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பாடம் நடத்தும் அம்மணி உடுமலைப்பேட்டைக்காரர். “விருந்தாளி போதும்னா நிக்கோணுமில்லீங்க சார்?”

“அதெப்படீங்க மேடம்? போதும்ங்கறது மரியாதைக்குச் சொல்றது. அதைக் கேட்டு நிறுத்துனா நாளைக்கு யாரு நம்ம ஊட்டுக்கு வருவாங்க?”

அவர் யோசித்தார். அவரும் இந்த மண்தானே. “அதும் சரிதானுங்க. அப்ப மாவு இருக்கற வரைக்கும்னு வெச்சுக்குங்க. ஆனா சனிக்கிழமைக்குள்ள நிக்கோணும். இல்லீனா உங்களைக் காலை வகுப்புல பள்ளிக்கூடப் புள்ளைங்களோட உக்கார வெச்சுப்போடுவேன்.”

மாவு இருக்கும்வரை தோசை என்று மாற்றி எழுதினேன். அப்போதும் நிற்கவில்லை. கனவில் அரை டிராயரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சூலூரில் கொழுந்தியாள் வீட்டில் எனக்கும் மனைவிக்கும் சாப்பாடு. “போதும் கண்ணு” என்றேன். தோசை விழுந்தது. “மெய்யாலுமே போதும்.” இன்னொன்று விழுந்தது. இலையைக் கையால் மறைத்தேன். விரலிடுக்கில் ஒன்றைச் செருகினாள். அடுத்ததற்கு அவள் அடுப்பங்கரைக்குத் திரும்பியபோது, மாவுப் போசியின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது.

“மச்சான், மாவு தீந்துபோச்சுங்க” என்றாள், ஏதோ இழவுச் செய்தி சொல்வதுபோல.

நான் எச்சில் கையோடு எழுந்து குதித்தேன். “மாவு குறையுது! ஒவ்வொரு தோசைக்கும் ஒரு கரண்டி குறையுது!”

“இத்தனை தின்னா குறையாதுங்களா?” என்றாள் மனைவி.

என் புரோகிராமில் குறையவில்லை. தோசை ஊற்றச் சொன்னேனே தவிர, ஊற்றிய மாவைக் கழிக்கச் சொல்லவே இல்லை. கம்ப்யூட்டரிடம் அட்சய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, ஏன் நிற்கவில்லை என்று அதையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஒரு வரி சேர்த்தேன்: ஒவ்வொரு தோசைக்கும் மாவில் ஒரு கரண்டி கழி. அழுத்தினேன். ஐந்து தோசை வந்தது. பிறகு, “மாவு தீந்துபோச்சுங்க.” நின்றது! மறுபடி அழுத்தினேன். மறுபடியும் நின்றது! பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பாஸுங்க சார். பெரியவங்க வகுப்புலயே இருந்துக்கலாம். போதும், எந்திரிங்க, பூட்டோணும்” என்றார் அம்மணி.

அவர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினேன்.