நரைனா தாண்டினால் வரும் நடுக்கம்

எங்கள் பிக்கப் வண்டியில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம், கதவை ஒட்டி. காலடியில் கறிவேப்பிலைக் கூடை, மடியில் காபி பிளாஸ்க். விடியும்போது டெல்லி ஆசாத்பூர் மண்டியில் வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ரிங் ரோடு வழியாகத் தெற்கே வருவோம். கிட்வாய் நகரிலும் முனிர்காவிலும் நம் தமிழ் ஜனங்கள் காத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் இறங்கிப் பேசுவார், விலை சொல்வார், சிரிப்பார். நான் பின்னால் நின்று எடுத்து எடுத்துக் கொடுப்பேன். பேச்சு அவருடையது. எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் என் கூச்சம் அதனால் வந்ததல்ல. பள்ளிக்கூடத்திலேயே வருகைக்கு 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல எனக்குக் குரல் வராது. பக்கத்துப் பெண்தான் எனக்காகவும் சேர்த்துச் சொல்வாள்.

அவர் பணிக்காலம் முழுவதும் சர்க்கார் ஆபீஸில் கார் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சும்மா உட்காரத் தெரியவில்லை. இந்தப் பழைய வண்டியை வாங்கினார். வண்டி ஓட்டுகிறபோதுதான் அவர் முகம் தெளிவாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்து வருவது அது.

வண்டி ஆட ஆரம்பித்தது ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம். ஊருக்குள் நெரிசலில் வரும்வரை ஒன்றும் இருக்காது. நரைனா தாண்டி, தௌலா குவான் பக்கம் ரோடு அகலமாகி, வண்டி வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கும். அவர் கையும் கூடவே நடுங்கும். முழங்கை வரைக்கும் ஏறும். வேகம் குறைந்தால் நின்றுவிடும்.

முதல் நாள் அப்படியே ஓட்டினார். இரண்டாம் நாள் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த இடம் வந்தாலே வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். கிட்வாய் நகர் போய்ச் சேர நேரமானது. ஆபீஸுக்குக் கிளம்புகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். வாங்க ஆளில்லாமல் இலை வாடியது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. வண்டியில் ஒரு கிரீச் சத்தம் கேட்டால்கூட உடனே மிஸ்திரியிடம், அதாவது மெக்கானிக்கிடம், ஓடுகிறவர் இவர். இந்த முறை போகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். போன குளிர்காலத்திலிருந்து காபி டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடிக்கிறார். யாரும் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக் குடிக்கிறார். மிஸ்திரி வண்டியைப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு, அங்கிள்ஜி" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண் நொய்டாவிலிருந்து வந்திருந்தாள். ஒரே பெண். வங்கியில் வேலை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். நரைனா தாண்டியதும், பெண் பக்கத்தில் இருக்கிற உற்சாகத்தில் அவர் மறந்துபோய் வேகம் எடுத்துவிட்டார்.

"அப்பா, உங்க கை ஏன் இப்படி ஆடுது?"

"ரோடு அப்படி."

"ரோடு நல்லாத்தானே இருக்கு. டம்ளர் பிடிக்கும்போதும் பார்த்தேன். ம்மா, நீ பார்க்கலையா?"

நான் ஜன்னல் வழியாக ஒரு வேப்ப மரத்தைப் பார்த்தேன்.

"போதும்ப்பா," என்றாள் அவள். "தீபாவளி வரைக்கும் ஓட்டுங்க. அப்புறம் வண்டிய வித்துடலாம். இல்லன்னா டிரைவர் வெச்சுக்கலாம். இந்த ட்ராஃபிக்ல நீங்க ஸ்டீயரிங் தொடக் கூடாது. நான் ராத்திரி தூங்க வேணாமா?"

அவள் பயந்து சொன்னாள். அது எனக்குப் புரிந்தது. போலீஸ்காரன் ஒன்று சொன்னால் இரண்டு சொல்கிற மனிதர், "சரி பாப்பா" என்று மட்டும் சொன்னார். அந்த 'சரி'தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மண்டியிலிருந்து திரும்பும்போது நான் பிளாஸ்க்கைக் கீழே வைத்தேன். ரோடு திறந்தது. நடுக்கம் வந்தது. அவர் வேகத்தைக் குறைக்கப் போனார்.

"குறைக்காதீங்க. கையை லேசா விடுங்க."

"என்னது?"

"முழுசா விட வேணாம். லேசா. நான் பிடிச்சுப் பார்க்கணும்."

"நீ பிடிச்சா நேரா யமுனைக்குள்ளதான் போவோம். புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

ஆனாலும் பிடியைத் தளர்த்தினார். இத்தனை வருஷத்தில் நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. வலது கையை நீட்டி அதன் ஓரத்தில் வைத்தேன்.

கிரைண்டரில் கல் சரியாக உட்காராமல் ஓடினால் மேலே கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? டக் டக் டக்கென்று ஒரே அளவாக உள்ளேயிருந்து தள்ளும். அப்படித்தான் இருந்தது. அவர் கையில் டம்ளர் நடுங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். அதற்கு அளவு கிடையாது, வரும், போகும். இது சுற்றுக்கு ஒரு தள்ளு. வேகம் கூடினால் தள்ளும் நெருங்கி வந்தது.

"இது உங்க கையிலேர்ந்து வரலைங்க. கீழேர்ந்து வருது. எதுவோ சுத்துறது ஒரு பக்கமாச் சுத்துது."

அவர் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார்.  மோதி பாக் சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பாமலேயே, "மிஸ்திரிகிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?" என்றார்.

"இன்னைக்கே காட்டலாம்," என்றேன்.

எங்கள் மிஸ்திரி முனிர்காவில் ஒரு சந்துமுனையில் இருக்கிறார். பீகார்க்காரர், வாயில் எப்போதும் பாக்கு. வண்டியை நிறுத்தியதும் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு இந்தியில் விசாரித்தார்.

"எப்போ ஆடுது, அங்கிள்ஜி?"

"ஏதோ லேசா... எப்பவாவது," என்றார் இவர்.

"பிரேக் போட்டா ஆடுதா, சும்மா போகும்போது ஆடுதா?"

"சரியா கவனிக்கல."

இப்படிச் சொன்னால் அந்த மனிதர் எதைப் பார்ப்பார்?  என் இந்தி காய்கறி இந்தி. ஆண்பால் பெண்பாலை மாற்றி மாற்றிப் பேசுவேன். மண்டியில் சிரிப்பார்கள் என்றே வாயைத் திறக்க மாட்டேன். அன்று திறந்தேன்.

"அண்ணா, பிரேக் இல்லாமலே ஆடுது. பிரேக் போட்டாலும் அதிகமாகலை. மெதுவாப் போனா இல்லை. வேகமாப் போனாத்தான்."

மிஸ்திரி குனிந்து என்னைப் பார்த்தார். நான் ஒருத்தி உள்ளே இருப்பது அப்போதுதான் தெரிந்தது போல. "அச்சா! சீட்டு ஆடுதா, அம்மாஜி, ஸ்டீயரிங் மட்டுமா?"

"ஸ்டீயரிங் மட்டும். மடியில பிளாஸ்க் இருக்கு, அது ஆடலை."

"இப்படிச் சொல்லணும் அங்கிள்ஜி. பாதி வேலை முடிஞ்சது." அவர் பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "பிரேக்கில் கூடினா பிரேக்கைப் பார்க்கணும். சீட்டு ஆடினா பின் சக்கரம். ஸ்டீயரிங் மட்டும் ஆடுதுன்னா முன்னாடிதான் வியாதி."

வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "முன்னாடிதானா? வண்டியிலயா?" என்று கேட்டார்.

"பின்னே என்ன உங்க தலையிலயா?"

ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினார்கள். மிஸ்திரி டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். பிறகு இடமும் வலமும் பிடித்து அசைத்தார். "ஏதாவது தளர்ந்திருந்தா இங்கே டொக்குன்னு கேட்கும். கேட்கலை." சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காதை வைத்தார். "பேரிங்கும் நல்லாருக்கு." அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ஒவ்வொன்றும் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லச் சொல்ல இவர் முகம் சிறுத்துக்கொண்டே போனது. எல்லாம் நல்லாயிருந்தால் மிச்சம் இருப்பது அவர் கைதானே.

"ரெண்டு சக்கரத்தையும் கழற்று. டயர் கடை மெஷினில் போட்டுப் பார்ப்போம்," என்றார் மிஸ்திரி.

டயர் கடை இரண்டு கடை தள்ளி. சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றினார்கள். சின்னத் திரையில் சிவப்பாக எண்கள் எரிந்தன. டயர் கடைக்காரர் சக்கரத்தை நிறுத்தி, ரிம்மின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார்.

"சாச்சா, இதில் வெயிட்டே இல்லையே! ஒண்ணுகூட இல்லை. கொண்டா அந்தச் சக்கரத்தை... இதுலயும் இல்லை. பெயின்ட் மட்டும் பளபளன்னு இருக்கு. யார் பிடுங்கினது?"

"நானா? நான் தொடவே இல்லை," என்றார் இவர்.

"வெயிட்னா என்ன?" என்று நான் தமிழில் அவரைக் கேட்டேன்.

"சக்கரம் ஒரு பக்கம் கனம் கம்மியா இருந்தா, சரிக்கட்ட ஈயத்துண்டு அடிச்சு வைப்பாங்க. விரல் நீளம் இருக்கும். சாம்பல் கலர்ல."

 நேராக எங்கள் வண்டிக்கு நடந்தேன். பின்பக்கம் வாழையிலைக் கட்டின்மேல் ஈரத்துணி போர்த்தியிருந்தது. அவருடைய பழைய வேட்டி. காற்றில் பறக்காமல் இருக்க, அதன் ஓரத்தை மடித்து உள்ளே கனமாக ஏதாவது வைத்துத் தைத்துவிடுவது என் வழக்கம். முன்பெல்லாம் கூழாங்கல் வைப்பேன். இந்த முறை வேறு கிடைத்தது. வேட்டியை உருவிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து மெஷின் பக்கத்தில் உதறினேன். சாம்பல் நிறத்தில் ஏழெட்டுத் துண்டுகள் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டன.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேட்டியால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜையன்று காலையில் எங்கள் பெண் வந்து, "நீ சமையலைப் பாரும்மா, வண்டி என் வேலை" என்று உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் நார், சோப்புத் தண்ணீர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். அப்பாவின் வண்டி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. "அழுக்கு எப்படிக் கட்டி கட்டியா ஒட்டியிருக்கு பாரும்மா" என்று சொல்லிச் சொல்லி நெம்பி எடுத்தாள். முன் சக்கரம் இரண்டும் முடிவதற்குள் நல்ல நேரம் போகிறதென்று நான் சத்தம் போட்டேன். அதனால் பின் சக்கரங்கள் தப்பித்தன. பிறகு ரிம்முக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தாள். சந்தனம், குங்குமம் வைத்தோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பூசணிக்காய் வாங்கப் போயிருந்த இவர் வந்து பார்த்து, "என் பொண்ணு கை பட்டா வண்டியே புதுசு" என்று அக்கம்பக்கமெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வாசலைக் கூட்டும்போது கிடைத்த துண்டுகளைக் கையில் எடுத்தேன். நல்ல கனம். எறிய மனம் வரவில்லை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல இவர் இதை இந்தியில் சொல்லி முடித்ததும் மிஸ்திரிக்குப் பாக்கு புரையேறிவிட்டது.

"பூஜை போட்டு வண்டியை ஆட வெச்சவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்! நாங்களும் விஸ்வகர்மா பூஜை பண்றோம், மாலை போடுவோம், லட்டு வெப்போம். சக்கரத்தைச் சுரண்ட மாட்டோம், அம்மாஜி!"

"எங்க பொண்ணு பேங்க்ல வேலை. எதையும் மிச்சம் வைக்காமல் சுத்தம் பண்ணுவா," என்றார் இவர். வாரக்கணக்கில் கேட்காத சிரிப்பு அது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணை எதற்குத் துடைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

டயர் கடைக்காரர் புதுத் துண்டுகளைச் சுத்தியலால் தட்டி வைத்து மறுபடி சுற்றினார். திரையில் பச்சை வந்தது. பழசை எடுத்துக்கொண்டு, "இது ஈயம், அம்மாஜி. சாப்பிடுற இலை பக்கத்திலேயே வைக்காதீங்க" என்றார். அன்றைய இலை முழுவதையும் பார்க்கில் மேயும் மாட்டுக்குக்கூடப் போடாமல் குப்பையில் சேர்த்தோம். வேட்டியையும் சேர்த்துத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தபோது இவர் சாவியைக் கையில் எடுத்தார். "வா, ஒரு ரவுண்டு போலாம்" என்றார். நடுவில் அவள், கதவோரம் நான். நரைனா தாண்டியது. ரோடு திறந்தது. இவர் வேகம் எடுத்தார். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஸ்டீயரிங்கில் சும்மா கிடந்தது.

"இது எப்படிப்பா?"

இவர் சொன்னார். ஸ்க்ரூ டிரைவர் வந்த இடத்தில் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஹே ராம்! நான்தானா? நான் பண்ணிட்டு உங்களையே வண்டிய விக்கச் சொன்னேனா?"

"அடுத்த வருஷம் நீ சந்தனம் மட்டும் வெச்சா போதும் பாப்பா."

"சரி, விக்க வேணாம். டிரைவரும் வேணாம். ஆனா டம்ளர் ஆடுறது நிஜம்தானே? அதுக்கு டாக்டர்கிட்ட வரணும். அதுல ஆர்க்யூ பண்ணக் கூடாது."

"வரேன்," என்றார். இந்த முறை அது வேறு மாதிரி 'சரி'. போய் வந்தோம். வயசுக்கு வருகிற நடுக்கம்தான், வண்டி ஓட்டத் தடையில்லை, வருஷா வருஷம் வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

இப்போது இலைக்கட்டின்மேல் புது வேட்டி போர்த்தி, ஓரத்தில் பழையபடி கூழாங்கல் வைத்துத் தைத்திருக்கிறேன். மோதி பாக் சிக்னலில் பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். ஒரு கையால்தான் வாங்குகிறார். டம்ளர் கொஞ்சம் நடுங்குகிறது, ஒரு சொட்டு சட்டையில் விழுகிறது. அவர் எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு, "ஏம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து, சிக்னல் விழறதுக்குள்ள" என்கிறார்.