அணிலுக்கு நான் எழுதிய போர்டு

உயிரினங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் தப்பாக எழுதினால் பிழைத்துக்கொள்வான். சரியாக எழுதினால்தான் மாட்டிக்கொள்வான். படித்தவர் என்று நம்பி யாராவது உங்களிடம் சந்தேகம் கேட்டிருந்தால் நீங்களும் என் கட்சிதான். விலங்கியல் படித்த பாவத்துக்கு, காரைக்குடிப் பக்கம் ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளுக்கு நான் போர்டு எழுதுகிறேன்.

எத்தனை கோடு?

கண்டரமாணிக்கத்தில் ஒரு ஹோட்டல். தோட்டத்து அணிலுக்கு ‘மூவரி அணில்’ என்று எழுதி மாட்டினேன். வடக்கே ஐந்து கோட்டு அணில் உண்டு, அது வேறு இனம். தோட்டக்காரர் கருப்பையா வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து எண்ணினார். வெள்ளை மூன்று, நடுவே கறுப்பு இரண்டு, ஆக ஐந்து. வெள்ளையை மட்டும்தான் எண்ண வேண்டும் என்றேன். எனக்கே சந்தேகம் வந்து திரும்ப எண்ணினால், ஓடுகிற அணிலில் நாலு வந்தது.

“கறுப்புக் கோடு என்ன சார் பாவம் பண்ணுச்சு? அதுவும் முதுகுலதான இருக்கு?”

எந்தக் கூட்டம்?

முதலாளி விசாலாட்சி ஆச்சி, போர்டில் ‘வரிசை: கொறித்துண்ணிகள்’ என்ற இடத்தில் விரலை வைத்து, அப்படியென்றால் என்ன என்றார். எலி, பெருச்சாளி, அணில் எல்லாம் ஒரே கூட்டம், பல்லை வைத்துப் பிரிப்பது என்றேன். ராமர் தடவிக்கொடுத்த பிராணியாச்சே என்று ஆச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்ப மூஞ்சூறு? அது இந்தக் கூட்டமில்லை என்று வாயை விட்டேன்.

“எலி மாதிரி இருக்க மூஞ்சூறு எலிக் கூட்டம் இல்லையாம், எலி மாதிரி இல்லாத அணிலு எலிக் கூட்டமாம். நல்லாத்தான் தம்பி படிச்சிருக்கீக!”

மருந்துக்காரர்

அடுத்த வாரம் மிச்ச போர்டுகளை மாட்ட நான் போயிருந்தபோது, எலிமருந்து வைக்க செல்வராஜ் வந்தார். வளவில், அதாவது உள்முற்றத்தில், ஓட்டுக்கடியில் அணில் கூடு. உள்ளே கண் திறக்காத குட்டி மூன்று. கூட்டுக்குப் பக்கத்திலேயே மருந்துத் தட்டு! தாய் அதைத் தின்றால் குட்டிகளும் போச்சு. அய்யா, அது எலி இல்லை, எடுங்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாக ஒப்பந்தத் தாளை நீட்டினார். ‘கொறித்துண்ணிகள் அனைத்தும்’ என்றிருந்தது.

“இத்தனை நாளும் அணிலை விட்டுட்டுத்தான் சார் போவேன். நீங்க போர்டுல எழுதினப்புறம்தான எனக்கே தெரியும்?”

வெள்ளை பெயிண்ட்

ஆச்சி ஊரில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. எழுதியதோ சரி. அழித்தால் படித்த படிப்புக்குத் துரோகம். அழிக்காவிட்டால் குட்டிகள் பாவம். கருப்பையாவிடம் பெயிண்டை வாங்கி அந்த வரியின் மேல் பூசினேன். செல்வராஜ் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஈரப் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தட்டை எடுத்துட்டேன். இப்பயாவது உண்மையச் சொல்லுங்க சார், அது கொறித்துண்ணியா, இல்லையா?”

குழப்பமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் விலங்கியல் படித்து நான் காப்பாற்றிய உயிர்கள் இந்த மூன்றும் அவற்றின் தாயும்தான், அதுவும் படித்ததை அழித்து.