குப்பைக்கு நகர்த்து

சித்தப்பாவிடம் எம்பி3 பிளேயர் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான பொருள், வெள்ளி நிறம். ஒரு முனையில் மூடியைக் கழற்றினால் கம்ப்யூட்டரில் செருகலாம். அதில் பாட்டுக் கேட்கலாம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் எதிரில் இருப்பவர் பேசுவதையும் பதியலாம். மெட்ராசில் இருக்கும் சிநேகிதர் ஒருவர் சும்மா கொடுத்ததாகச் சித்தப்பா சொன்னார். அவருக்குச் சிநேகிதர்கள் அதிகம் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதே பங்குனியில்தான் எங்கள் குடும்பத்துக்கு முகத்துவாரப் பாடு வந்தது. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்தை ஒட்டிய இடம் இறாலுக்குப் பேர்போனது. அது ஒரு வீட்டுக்கு வருவது அபூர்வம். பாடு விழுந்தவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஊர்க்காரர் வேறொருவர் அந்த இடத்தில் வலை கட்டலாம். ஆனால் அதற்கு ஈடாக எதையும் வாங்கக் கூடாது. சித்தப்பாவின் முறை வந்த அன்று அவருக்குக் காய்ச்சல். போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அவருடைய கூட்டாளி ஒருவர் போய் வலை கட்டி, கூடை கூடையாக இறால் அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் சித்தப்பா குணமானார்.

பிளேயர் கையில் வந்ததும் அவர் ஊரில் உள்ளவர்களின் பேச்சையெல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் பதிந்து, அவர்களுக்கே போட்டுக் காட்டத் தொடங்கினார். என் அப்பாவின் குறட்டையைப் பதிந்தார். கோழியைத் துரத்தும் பெரியம்மாவைப் பதிந்தார். ஒருநாள் சித்தி அவரைத் திட்டியதையும் பதிந்துவிட்டார்.

அதைப் படகில் ஆண்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தித் தொடக்கத்தைத் தாண்டி ஓட்டிவிட்டுத்தான் போடுவார். முன்பகுதியில் வெறும் காற்றுச் சத்தம் என்று சொன்னார். பின்பகுதியில் சித்தியின் குரல் தெளிவாக இருந்தது: “ஒன்ன நண்டு இஸ்துகினு போவ! அந்த நண்டுகூட ரெண்டு கடி கடிச்சிட்டு, சீ வோணாம்னு உட்டுட்டுப் போவும்!”

சித்தி கரையில் நண்டு வாங்கி, கூடையில் வைத்து, ஆரம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் விற்பவள். மறுநாள் அவள் கூடையுடன் கரையில் இறங்கியபோது படகில் இருந்தவர்கள், “இன்னாக்கா, இந்த நண்டு கடிச்சதா, வோணாம்னுச்சா?” என்று கேட்டார்கள். அது கேலியோடு நின்றிருந்தால் சித்தி பொறுத்திருப்பாள். பெண்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரில் இறங்கும் புருஷனுக்குச் சாபம் விடுவது எங்கள் பக்கம் சின்ன விஷயமல்ல. காரணமே இல்லாமல் கட்டியவனைச் சபித்தவள் என்று பேச்சு வந்தது. குழாயடியில் அவளுக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்கு அவள் பானை தொட வேண்டாம், ஒதுங்கி நிற்கட்டும் என்று பெரியம்மாவே சொல்லிவிட்டாள்.

சித்தி ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திரக் கரையில் இருக்கும் தன் நைனா வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேச அவளுடைய அண்ணன் வந்தார். நான் மாமா என்று கூப்பிட வேண்டியவர். அவர் வைத்த நிபந்தனைகள் இரண்டு. பதிந்ததை ஆள் முன்னால் அழிக்க வேண்டும். இனி அந்தப் பொருள் சித்தியிடம்தான் இருக்க வேண்டும். சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். அழிப்பதில் அவர் காட்டிய அவசரம் எல்லோருக்கும் நல்லெண்ணமாகத் தெரிந்தது. ஆனால் பிளேயரில் அழிக்கும் பொத்தான் எது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் விஷயம் என்னிடம் வந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்குப் பலர் பலதும் கொடுத்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் வலை பின்னும் கூடத்தின் ஒரு மூலையைத் தடுத்து, கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தது. சனிக்கிழமைதோறும் பொன்னேரியிலிருந்து ஓர் அண்ணன் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். மற்ற ஊர்க் கம்ப்யூட்டர்களில் இருப்பது அதில் இல்லை, லினக்ஸ் இருந்தது. திரையில் எல்லாம் தமிழில் வரும். அந்தத் தமிழ் எங்களுக்கு இங்கிலீஷைவிடக் கடினமாக இருந்தது. எம்பி3 பாட்டை அது நகலெடுக்கும், ஆனால் பாடாது. பாட வைக்க இன்டர்நெட்டிலிருந்து ஏதோ இறக்க வேண்டும் என்றார் அண்ணன். இன்டர்நெட் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆகவே நாங்கள் பாட்டுகளைப் பெயரை வைத்து மட்டுமே அறிந்திருந்தோம். அந்தக் கோடையில் ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

மாமா, சித்தி, சித்தப்பா, பெரியம்மா நால்வரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். பிளேயரைச் செருகினேன். திரையில் ஒரு படம் வந்தது. திறந்தேன். பதிவுகளுக்கென்று இருந்த தனி அறையில் அந்த ஒரு கோப்பு மட்டும் இருந்தது. சித்தப்பா தெரியாமல் எதையோ அழுத்தியதில் குறட்டையும் கோழியும் முன்பே போய்விட்டிருந்தன. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினேன். ‘குப்பைக்கு நகர்த்து’ என்று வந்தது. மாமா குனிந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“குப்பைக்கா? சரியான எடந்தான். தள்ளு” என்றார்.

தள்ளினேன். கோப்பு மறைந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் குப்பையில் போட்டதைக் காக்காய் உடனே கொண்டுபோய்விடும் என்பதால், அதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாமா பிளேயரைப் பிடுங்கக் கை நீட்டினார். நான் தடுத்தேன். அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்த விதி அது: முதலில் திரையில் ‘கழற்று’ கொடுத்து, அது சரி என்ற பிறகுதான் கையால் எடுக்க வேண்டும்.

“சொல்லாம புடுங்கக் கூடாது மாமா.”

“அட, இதுகூட சொல்லிகினுதான் கெளம்புது. எங்க மாப்ள எங்கயாச்சும் சொல்லிட்டுப் போறானா?” என்று மாமா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

கழற்றிய பிறகு மாமா பிளேயரிலேயே பதிவு அறையைத் திறந்து பார்த்தார். காலி. சித்தி வீடு திரும்பினாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பிளேயரைக் கொண்டுவந்து அம்மன் பாட்டுகள் போட்டுத் தரச் சொன்னாள். அண்ணன் ஒரு சிடி கொண்டுவந்திருந்தார். நான் ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். கடைசி இரண்டு பாட்டுக்கு இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. நான் பிளேயரின் மொத்த அளவிலிருந்து பாட்டுகளின் அளவைக் கழித்துப் பார்த்தேன். இடம் இருக்க வேண்டும். மறுபடி கழித்தேன். இருக்க வேண்டும். கழித்தல் சரியாக வராத கணக்கு எனக்கு அப்போதும் பிடிக்காது.

விடை சித்தியிடமிருந்தே வந்தது. சில நாள் கழித்து மத்தியானத்தில் கூடத்துக்கு வந்தாள். அண்ணன் வேறு வேலையாக ஊருக்கு வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். சித்தி இயர்போனை என் காதில் வைத்தாள். ஒரு பாட்டு முடிந்தது. பிறகு அவளுடைய குரலே வந்தது: “காய்ச்சலு காய்ச்சலுன்னு...”

நான் பயந்துபோய் இயர்போனைப் பிடுங்கிவிட்டேன்.

“சத்தியமா அழிச்சிட்டேன் சித்தி! நீயும்தான பாத்த?”

“ஒன்ன யாருடி இன்னா சொன்னது? அழிச்சா அது எங்க போவுது, அத்தச் சொல்லு மொதல்ல.”

எனக்குத் தெரியவில்லை. அண்ணன் எழுந்து வந்து, பிளேயரைச் செருகி, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். இல்லாத ஓர் அறை திரையில் தோன்றியது. லினக்ஸில் குப்பைக்கு அனுப்பியது பிளேயருக்குள்ளேயே ஒளிந்த அறை ஒன்றில் கிடக்கும் என்றார். குப்பையைக் காலி செய்தால்தான் போகும். கம்ப்யூட்டர் அந்த அறையை நம் கண்ணுக்கு மறைக்கிறது. பிளேயருக்கு அந்த நாசூக்கு தெரியாது. எந்த அறையில் எது இருந்தாலும் பாட்டு என்று நினைத்துப் பாடிவிடும். பதிவு அறையில் இருந்தவரை தனியாகக் கிடந்த திட்டு, நான் அழித்ததால் பாட்டுகளோடு வரிசையில் வந்து நின்றுவிட்டது.

கணக்கு நேரானதில் எனக்கு மகிழ்ச்சி.

“இப்பவே காலி பண்ணிடறேன் சித்தி. அந்த ரெண்டு பாட்டும் ஏறிடும்.”

“இரு. மொதல்லேர்ந்து பூராவும் கீதா அதுல?”

“எப்படிப் பதிஞ்சிச்சோ அப்படியே கீது.”

“எந்தப் பாட்டுக்கு அப்பால வருது?”

சொன்னேன். கடைசிப் பாட்டுக்குப் பிறகு. சித்தி பிளேயரை எடுக்கக் கை நீட்டி, நடுவில் நிறுத்தி, “சொல்லிட்டுத்தான புடுங்கணும்?” என்று கேட்டாள். நான் கழற்றிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அழிக்க வோணாமா?”

“அப்பறம் பாத்துக்கலாம். கூடை காயுது” என்று போய்விட்டாள். போகிற வழியில், ஆடிக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டாள். ஏறாமல் நின்றுபோன இரண்டு பாட்டுகளும் அப்படியே கம்ப்யூட்டரில் தங்கிவிட்டதில் எனக்கு வருத்தம்.

ஆடி மாதம் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, கோயில் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மைக்செட்காரரின் சிடி உப்புக்காற்று பட்டுத் தேய்ந்திருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது. பெரியம்மாவும் மற்றப் பெண்களும் பானையைச் சுற்றி நின்றார்கள். பெரியம்மா சொன்னபடி சித்தி ஒதுங்கி, மைக்செட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இன்னாபா, ஆத்தாளுக்கே விக்கல் வந்துடும் போல கீது. இதுல நல்ல பாட்டு கீது, போடு” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

மைக்செட்காரர் ஒயரை மாற்றிச் செருகிவிட்டு, கூழ் குடிக்கப் போனார். நான் வரிசையாக ஏற்றிய பாட்டுகள் ஏரிவரை கேட்டன. எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிப் பாட்டு தொடங்கியபோதுதான் அதற்கு அடுத்தது என்ன என்பது நினைவுக்கு வந்தது. சித்தியிடம் ஓடினேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது.

“காய்ச்சலு காய்ச்சலுன்னு போத்திகினு படுத்தியே, எனுக்குத் தெரியாதா?” என்றது வேப்பமரம். “முகத்துவாரப் பாட்டத் தூக்கி அவனாண்ட குடுத்துட்டு, இந்த டப்பாவ வாங்கிகினு வந்து நிக்கிற! மெட்ராஸ்காரன் குடுத்தானா? எந்த மெட்ராஸ்காரன்? ஒங்கண்ணன் வூட்லயும் எதிர்பாத்துனு கீறாங்களே, அவுங்க மூஞ்சில எப்பிடி முழிப்ப? பாட்டுக்குப் பாட்டு வாங்கினியா? இத்தையே வலையில கட்டு, எறால் ஆடிகினே வந்து உழும்!”

சித்தப்பா ஆம்ப்ளிபையரிடம் ஓடிவந்து ஓர் ஒயரைப் பிடுங்கினார். சீரியல் விளக்குகள் அணைந்தன. இன்னொன்றைப் பிடுங்கினார். ஐஸ் பெட்டிக்காரரின் மின்விசிறி நின்றது. வேப்பமரம் விடாமல் பேசி, கடைசியில் நண்டுக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை நண்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. அது முடிந்து முதல் பாட்டு மறுபடி தொடங்கியது.

ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் கூழ்ச் செம்பைக் கீழே வைத்தார்.

“இன்னாடா, காய்ச்சல்னியே?”

சித்தப்பா அவிழ்ந்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு வலை கட்டிக் கொடுத்த கூட்டாளி ஏரிப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். அந்த முகத்துவாரப் பாட்டில் என் அப்பாவுக்கும் பங்கு உண்டு.

பானைக்குப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. “அந்த நண்டு வோணாம்னது நாயந்தான்.” பிறகு துடுப்பை நீட்டினாள். “இன்னா மரமாட்டம் நிக்கிற? வந்து கிண்டு. அடி புடிக்குது.”

சித்தி என் கையை விட்டுவிட்டுப் போய்க் கிண்டினாள்.

மறுநாள் ஊர் கூடிப் பேசியது. கூட்டாளிக்கு அடுத்த முறை பாடு கிடையாது. சித்தப்பாவின் பாடு வரும் நாளில் இனி என் அப்பா உடன் நின்று வலை கட்ட வேண்டும். வலையில் விழுவதில் சித்தப்பாவின் பங்கு சித்தியின் கூடைக்குப் போக வேண்டும். சித்தப்பா பல மாதங்கள் அடக்கமாக இருந்தார். பிறகு பழையபடி ஆனார். ஆனால் காய்ச்சல் மட்டும் வரவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை சித்தி கூடத்துக்கு வந்து பிளேயரை மேசையில் வைத்தாள்.

“இப்ப அழிடி.”

ஒளிந்திருந்த அறையைத் திறந்தேன். குப்பையைக் காலி செய்தேன். அளவைப் பார்த்தேன், கழித்தலில் வந்த இடம் அப்படியே கிடைத்தது. நின்றுபோயிருந்த இரண்டு பாட்டுகளையும் ஏற்றினேன். அன்று எனக்கு முக்கியமாக இருந்தது அதுதான். அன்றைக்கே அழித்திருந்தால் கோயிலில் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டிருக்க வேண்டியதில்லையே, அவ்வளவு பெரிய விஷயத்தை ஒருவர் எப்படி மறந்துபோவார் என்று எனக்குச் சித்தியின் மேல் சற்றுக் கோபமும் இருந்தது. ‘கழற்று’ கொடுத்து, பிளேயரை அவள் கையில் வைத்தபோது கண்டிப்பாகவே சொன்னேன்.

“இனிமே இப்பிடி மறந்துடாத சித்தி.”

“மறக்க மாட்டேன்டி” என்றாள் சித்தி.